143 நாளும் வந்த வெண்ணிலாவுக்கு ஒரு நாள் விடுப்பு கேட்டு

20.01.2026, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி 20 நிமிடம். மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் 23 பேர். இன்று வந்தவர்கள் 17. வராத ஆறு பேரும் கரும்பு வெட்டுக்குப் போன அப்பா அம்மாவோடு. இதுவரை பள்ளி நடந்த நாட்கள் 143. உங்கள் மகள் வெண்ணிலா வந்த நாட்கள் 143.

மதிப்புக்குரிய மாமா நாகராஜன் அவர்களுக்கு,

மைத்துனன் புகழ்வேந்தன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அக்காவுக்குச் சளி, ஆனால் குறைந்துகொண்டு வருகிறது, ஆகவே அவளையும் நலம் என்றே சேர்த்துக்கொள்ளவும். மஸ்கட்டில் நீங்களும் உங்கள் ரூம்காரர்களும் வெல்டிங் புகை கண்ணில் படாமல் சுகமாக இருக்க நம்ம ஊர் அங்காளம்மன் பார்த்துக்கொள்வாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் வைத்துவிடுவீர்கள், அடுத்த நிமிடம் அக்காவுக்குப் போன் போட்டு அவளைத் திட்டுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. பலராமன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொண்டுவருவார். முதலில் கடிதம், பிறகு ஊறுகாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வெண்ணிலாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்த உங்கள் அனுமதி வேண்டும். 'வருஷம் பூரா ஒரு நாள் லீவு போடாம போனா செவப்பு சைக்கிள்' என்று ஜூனில் நீங்கள் கொடுத்த வாக்கில் அந்த 'ஒரு நாள் லீவு போடாம' என்பதை நீங்கள் எடுத்துவிடவும் வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் இருப்பதா என்று கோபம் வரும். வரட்டும். வந்து போனபிறகு கீழே படிக்கவும்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறேன், நீங்கள் மூன்று முறையும் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பதினான்கு ஆரம்பப் பள்ளிகள். எந்தப் பிள்ளை எந்த நாள் வந்தது என்பது தினமும் காலையில் டீச்சர்கள் போனில் போடுகிற ஆப் வழியாக எனக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள், எழுத்து, சொல், வாக்கியம், பத்தி, கதை என்று ஐந்து படி, எந்தப் படியில் நிற்கிறது என்று அதுவும் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, அது வேறு கதை. எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் எரிகிறதே தவிர ஒன்றும் புரிவதில்லை என்று, வந்த நாளுக்குப் பச்சை, வராத நாளுக்கு வெள்ளை என வண்ணம் போட்டுப் பதினான்கு பள்ளிக்கூடத்தையும் ஒரே திரையில் விரித்தேன். மாமா, அது வயல். மேலே எங்கேயோ நின்று பார்க்கிற வயல். பச்சை பச்சையாகப் போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு. ஆடி மாதத்தில் ஒரு கூட்டம் மொத்தமாக வந்து இறங்குகிறது, தீமிதி. ஐப்பசியில் நாலு நாள் வயலே தெரியவில்லை, மழை. ஒரே ஒரு கொக்கு மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அதே இடத்தில் வந்து நிற்கிறது, யாரென்று பார்த்தால் ஆனி மேரி; அவள் அம்மா ஜோஸ்பின் அக்காவுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஒரு வாரம் பகல் ஷிப்டு ஒரு வாரம் நைட் ஷிப்டு, நைட் ஷிப்டு வாரத்தில் அம்மா பகலில் தூங்க வேண்டும், தம்பியை இவள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் முழுக்க நான் அந்தத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், அக்கா வந்து ரெண்டு தரம் தட்டை வைத்துவிட்டு ரெண்டு தரம் எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு வாசிப்புப் படியையும் அதன் மேலே வைத்தேன். பதிமூன்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைக்கிற மாதிரிதான், நிறைய வருகிற பிள்ளை நன்றாக வாசிக்கிறது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பில் மட்டும் தலைகீழ். அரிகரன் என்று ஒரு பையன், பாதி நாள் வருவதே இல்லை, அவன் கதைப் படியில் நிற்கிறான். ஆனி மேரி பத்திப் படி. ஒரு நாள் கூட விடாமல் வந்த நான்கு பேர், அதில் வெண்ணிலா ஒருத்தி, நான்கு பேரும் எழுத்துப் படி. கணக்குப் போட்டால் மைனஸ் 0.68. வர வரப் படிப்பு குறைகிறது என்று அர்த்தம்.

எனக்கு மேலே இருக்கிற அரங்கநாதன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னா தம்பி இது, முன்னால ஒரு கோடு இருக்குது?"

"மைனஸ் சார். வராத புள்ளைங்க நல்லா படிக்குதுங்க."

"வர்ற புள்ளைங்க?"

"வந்துக்கினு இருக்குதுங்க சார், அவ்ளோதான்."

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத எவனாவது பார்த்தான்னா ஸ்கூலே வேணாம்டா, வூட்லயே நல்லா படிக்குதுன்னுடுவான். அந்தக் கோட்ட மட்டும் எடுத்துடு."

"எடுத்தா அர்த்தம் மாறிடும் சார்."

"சின்னக் கோடுதானப்பா."

எடுக்க முடியாது என்றேன். அப்படியானால் போய் உட்கார்ந்து என்னவென்று பார்த்து வா என்றார். அதனால் டிசம்பர் 15, 16, 17, மூன்று நாள் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஜன்னலோரம் வெண்ணிலா. வகுப்பில் என்னைத் தெரியாதவள் மாதிரி நடந்துகொண்டாள், பெரிய மனுஷி. ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரை, பனி இன்னும் கலையாமல் தண்ணி மேலேயே படுத்திருக்கிறது, நாமக்கோழி ஒன்று நீந்திவந்து தண்ணிக்குள் முங்குகிறது, வேறெங்கேயோ வெளியே வருகிறது, கரும்பு லோடு டிராக்டர் ஒன்று கரையோடு ஊர்ந்து போகிறது, அது போன பிறகும் அதன் சத்தம் போகாமல் அங்கேயே நிற்கிறது. முன்னால் கஸ்தூரி டீச்சர் பாடம் சொல்கிறார், இருபது பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்கின்றன, அந்தச் சத்தம் அலை மாதிரி கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது. வந்து, திரும்பி. இதில் எது பாடம் எது அலை என்று பிரிக்க முடியவில்லை. நான் பி.டெக். படித்தவன், டீ குடித்துவிட்டு வந்தவன், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவன். மதியம் பன்னிரண்டு மணிக்கு நோட்டைப் பார்க்கிறேன், கண்காணிப்புக் குறிப்பு ஒரு வரி இல்லை. ஒரு நாமக்கோழி வரைந்திருக்கிறேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் வெண்ணிலா நோட்டிலும் ஒரு நாமக்கோழி, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எழுத்துப் படியில் நிற்கும் நான்கு பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கடைசி பெஞ்சில்தான். ஒருநாளும் தவறாமல் வருகிற பிள்ளைகள், தொந்தரவு இல்லாத பிள்ளைகள், அவர்களை யாரும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது நாள்தான் ஸ்டூலைக் கவனித்தேன். டீச்சர் மேசைக்கு வலப்பக்கம் ஓர் இரும்பு ஸ்டூல். முந்தின நாள் வராத பிள்ளை மறுநாள் வந்ததும் நேராக அதில் போய் உட்கார வேண்டும், அது அந்த வகுப்பின் வழக்கம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது டீச்சர் விட்ட பாடத்தை விரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துகிறார், பிள்ளை அந்த விரலோடு போகிறது. முக்கால் மணி நேரம். அரிகரன் வந்த நாளில் பாதி அந்த ஸ்டூலில்தான் இருந்திருக்கிறான். ஏன் இப்படி என்று கேட்டேன். "விட்ட பாடத்தப் புடிச்சிட்டா நாளைக்கும் வரும் சார். இல்லன்னா வெக்கப்பட்டுக்கினு அப்டியே நின்னுடும்" என்றார் கஸ்தூரி டீச்சர். அதில் எந்தத் தப்பும் இல்லை மாமா, நல்ல மனுஷி, நான் பார்த்த பதினான்கு பள்ளிக்கூடத்தில் ஓடிப்போன பிள்ளையை இப்படிப் பிடித்து உட்கார வைப்பவர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஓடாத பிள்ளைக்கு அந்த விரல் கிடைக்கவே கிடைக்காது. என் மைனஸ் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

நம்ம வீட்டில்தான் தினமும் சத்தமாகப் படிக்கிறாளே என்று நீங்கள் கேட்பீர்கள், வீடியோ காலில் உங்களுக்கே படித்துக் காட்டியிருக்கிறாளே என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், எழுத்துப் படி என்று டீச்சர் தப்பாகப் போட்டிருப்பார் என்று. டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, கட்டிலில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை விரித்து மடமடவென்று படித்துக்கொண்டிருந்தாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. எலியும் தவளையும் குளத்தங்கரையில் பேசுகிற பாடம். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் விரிந்திருந்தது தபால்காரர் பாடம். இரண்டு பக்கம் தள்ளித் திருப்பியிருக்கிறாள். எலி பேசி முடித்தது, தவளை பதில் சொன்னது, தபால்காரர் சைக்கிளோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். அதுதான் மாமா உங்கள் 143 நாள். ஒரு நாள் விடாமல் அலையில் நின்றதால் புத்தகம் முழுக்க மனப்பாடம். ஒரு சொல்லைத் தனியாக எடுத்துக் கேட்டால், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் பிரேக் போடுகிறாள்.

நீ படித்தவன்தானே, நீயே சொல்லிக்கொடு என்று அக்கா சொன்னாள். கொடுத்தேன். நான்கு நாள். முதல் நாள் எழுத்துப் படி, நான்காம் நாள் அழுகைப் படி. "நீ சொல்லித் தரும்போது மிக்சி ஓடுற மாதிரி இருக்குது மாமா" என்றாள். எனக்குப் பொறுமை கிடையாது, அதை மறைக்கவில்லை. தப்பாகச் சொன்னால் உடனே திருத்தத் தோன்றுகிறது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே திருத்தத் தோன்றுகிறது.

ஆகவே என் யோசனை: இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் வீட்டில் நிற்கட்டும். வியாழக்கிழமை ஸ்டூல் அவளுக்கு. ஏப்ரல் கடைசிக்குள் ஏழு ஸ்டூல் கிடைத்தால்கூடப் போதும், சொல் படிக்கு வந்துவிடுவாள், இது என் மதிப்பீடு. அக்காவிடம் சொன்னதற்கு அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அவருக்கு இன்னா பதில் சொல்லுவேன்? காய்ச்சல் நூத்தியொண்ணு அடிக்கும்போதே தூக்கிக்கினு போய் உக்கார வச்சவ நான். ஒரு நாள் போச்சுன்னா சைக்கிளும் போச்சு, அந்தப் புள்ள ராத்திரி தூக்கத்துல பெல் அடிக்குதுடா." நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் ஒவ்வொரு தை மாசமும் உங்கள் அப்பா உங்களைக் கரும்பு வெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார், ஏழாவதோடு நின்றது. என் பெண் ஒரு நாள்கூட விடக் கூடாது என்று நினைத்தீர்கள். அவள் விடவில்லை. நீங்கள் கேட்டதைச் சரியாகச் செய்துவிட்டாள், அதுதான் பிரச்சினை. வந்தாளா என்று மட்டும் கேட்டோம், நீங்களும் நானும் அக்காவும் ஆப்பும். வந்தாள்.

பதில் பலராமன் அண்ணன் போனில் சொன்னால் போதும். சரி என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும், வெயிலில் நிற்க வேண்டியிருந்தால் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளவும். அக்காவின் அன்பும் வெண்ணிலாவின் முத்தமும் இத்துடன்.

தங்கள் பணிவுள்ள (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது),
பா. புகழ்வேந்தன்

பி.கு. 22.01.2026, வியாழன், இரவு 7 மணி 10. மேலே எழுதியதை எல்லாம் தள்ளி வையுங்கள். கிழிக்கலாம் என்று பார்த்தேன், ஆறு பக்கம், மனசு வரவில்லை.

அடுத்த புதன்கிழமைக்குள் உங்கள் பதில் எப்படியும் வராது என்று நினைத்து, அந்த நாளைப் பற்றி டீச்சரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாமே என்று இன்று காலை பத்தரைக்கு வகுப்புக்குப் போனேன். ஸ்டூலில் வெண்ணிலா உட்கார்ந்திருக்கிறாள். கால் தரைக்கு எட்டவில்லை. டீச்சர் விரல் நகர்கிறது, அவள் மூக்கு அந்த விரலுக்குப் பின்னாலேயே போகிறது.

"இவ ஏன் டீச்சர் இங்க?"

"நேத்து வர்லியே சார். நீங்க அதே வூட்லதானே இருக்கீங்க, தெரியாதா?"

நேற்று அவளை வண்டியில் கொண்டுபோய் கேட்டில் இறக்கிவிட்டவனே நான்தான். பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஜனவரி 6, 8, 12, 19, 21. ஐந்து இடத்தில் வந்ததாகப் போட்டு, அதை அடித்து, சிவப்பு மையில் A. மறுநாள் காலையில் இவள் போய் மேசைப் பக்கத்தில் நிற்பாளாம், "டீச்சர், நான் நேத்து வர்ல" என்பாளாம். கடைசி பெஞ்சு ஜன்னலோரம், இருந்தாளா இல்லையா என்று டீச்சருக்கு நினைவு வரவில்லை. "காலைல அவசரத்துல எல்லாருக்கும் போட்டுட்டேன் போலருக்குது, என் தப்புதான் சார்" என்று என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். ஆப்பில் அன்றைய தேதி முடிந்தால் திருத்த முடியாது, அதனால் எனக்கு வந்ததில் எல்லாம் பச்சை. நான் பதினான்கு பள்ளிக்கூடம், மைனஸ் 0.68, மூன்று நாள் கண்காணிப்பு என்று சுற்றிக் கண்டுபிடித்ததை அவள் நாமக்கோழி வரைந்துகொண்டே கண்டுபிடித்திருக்கிறாள். நான் கேட்ட ஏழு ஸ்டூலில் ஐந்து ஏற்கனவே முடிந்தாகிவிட்டது.

சாயங்காலம் அழைத்து வரும்போது வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தினேன்.

"பொய் சொன்னியாடி?"

பை வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"லீவுன்னு எழுதினா சைக்கிள் கெடைக்காது. தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"ஸ்டூல்ல உக்காந்தா டீச்சர் வெரலு போவுது மாமா. அது பின்னாலயே போனா எழுத்து தானா வருது." ஒரு கல்லைப் பொறுக்கித் தண்ணியில் போட்டாள். "அப்பாகிட்ட லீவு போட்டேன்னு சொல்லாத. நான் ஒரு நாள் கூடப் போடல. வந்துக்கினுதான் இருந்தேன்."

வண்டியை எடுத்தேன். சோரியாங்குப்பம் திருப்பத்தில் பின்னாலிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக, யாரும் கோரஸ் சொல்லித் தராத ஒன்று வருகிறது: "வா...ட...கை...க்கு." சுவரில் பந்தல் கடை விளம்பரம். வண்டியை நிறுத்திவிட்டேன். "அடுத்தது இன்னா எழுத்து மாமா, தும்பிக்கை வச்சுக்கினு இருக்குது?" ஷாமியானா. அந்த ஷா. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அவள் தும்பிக்கையைத் தாண்டிவிட்டு 'மி'யில் போய் நின்றாள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை 9.15-க்குக் கஸ்தூரி டீச்சரிடம் ஐந்து நாள் உண்மையையும் நானே சொல்வேன். அவள் சொல்லட்டும் என்று விடமாட்டேன்.

2. ஸ்டூலுக்கு முறை போடச் சொல்வேன். 23 பிள்ளைகள், ஒரு நாளைக்கு இரண்டு பேர், வந்தவர்களுக்கும் உண்டு, வராதவர்களுக்கும் உண்டு. டீச்சருக்கு ஒரு விரல்தான் என்பது எனக்குத் தெரியும்.

3. பதிவேட்டில் உள்ள ஐந்து A-யை மாற்றச் சொல்லமாட்டேன். ஆப் 145 என்கிறது, பதிவேடு 140 என்கிறது. அறிக்கையில் இரண்டையும் எழுதி, கீழே ஒரு வரி சேர்ப்பேன்: 'இந்தப் பிள்ளை 145 நாள் வந்தது; ஐந்து நாள் பார்க்கப்பட்டது.'

4. அரங்கநாதன் சார் கேட்டாலும் அந்தக் கோட்டை எடுக்கமாட்டேன். மார்ச்சில் என்ன ஆகிறதோ ஆகட்டும்.

5. புதன்கிழமை விடுப்புக்கு அனுமதி கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சைக்கிள் உங்கள் விஷயம், அதில் பேசமாட்டேன். எந்த எண்ணை வைத்து முடிவு செய்தீர்கள் என்று மட்டும் எழுதவும்.

6. சனிக்கிழமை வெண்ணிலாவுக்கு ஷ சொல்லித் தருவேன். அது ஒன்றுதான். விரலை வைத்துவிட்டு, அவள் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.